மலையேறும் பெண்களின் கேள்விகள்

மலையேற்றம் குறித்து வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் பயிற்சியாளர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

என் எடை 50 கிலோ. பயிற்சி முகாமில் ஆண், பெண் பேதமின்றி ஆளுக்கு 20 கிலோ சுமக்க வேண்டுமாம். “உன் உடம்புக்கு இதெல்லாம் ஆகாது” என்கிறார்கள். நிஜமாகவே ஆகாதா?

ஆகும். ஆனால் கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 20 கிலோ என்பது உடல் எடையில் கால் பங்கு. உங்களுக்கோ ஐந்தில் இரண்டு பங்கு. கூடாரமும் கயிறும் அடுப்பும் ஆளைப் பார்த்து இளைப்பதில்லை. அதனால் அவரைவிட நீங்கள் கூடுதலாகத் தயாராக வேண்டியிருக்கும். மன உறுதி என்று எல்லோரும் பேசுவது உண்மையில் தயாராகும் இந்த மாதங்களில்தான் தேவைப்படுகிறது.

16 வாரங்கள் ஒதுக்குங்கள். முதல் வாரம் 5 கிலோவுடன் அரை மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். அதன்பின் வாரத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் கூட்டாமல் உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். சுமை நடை வாரத்தில் ஒரு நாள் போதும். இரண்டு நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குதல்), முழங்கால் உயரப் பலகையில் ஏறி இறங்குதல். இன்னும் இரண்டு நாள், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் மெதுவான ஓட்டம். பலரும் கெடுத்துக்கொள்வது இரண்டு இடங்களில்: ஒரே வாரத்தில் எடையையும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுவது, எல்லா நாளும் மூச்சிரைக்க ஓடுவது. முழங்கால் வலியில் கொண்டுபோய் விடுவது முதலாவதுதான். எடைக்குத் தண்ணீர் கேன்களை வைத்துக்கொண்டால், மேலே போனதும் கொட்டிவிட்டு இலகுவாக இறங்கலாம். கடைசி வாரம் பாரம் வேண்டாம்.

பையின் அளவும் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம் வரை முதுகை அளந்து, அந்த நீளத்துக்குப் பை வாங்குங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அது வயிற்றுக்கு ஏறினாலோ கீழே நழுவினாலோ பாரம் முழுவதும் தோளுக்குப் போய்விடும். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போவது அதற்கான அறிகுறி. பலவீனம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள், நின்று பட்டையைச் சரிசெய்யுங்கள். கனமான பொருள் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி இருக்கட்டும்.

குழுவில் நான் ஒருத்திதான் பெண். சிறுநீர் கழிக்க இடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே குறைத்துவிடுகிறேன். மாதவிடாய் நாள்களை எப்படிச் சமாளிப்பது?

தண்ணீரைக் குறைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. நீர்ச்சத்து குறைந்தால் தலைவலி வரும், அது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயா, தாகமா என்று யாராலும் சொல்ல முடியாது. அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்றும் வரும். புறப்படும் முன்பே குழுத் தலைவரிடம், “ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிற்போம், எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வோம்” என்று சொல்லி முடிவுசெய்துவிடுங்கள். ஒருமுறை சொன்னால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பொருட்டாக எண்ணுவதில்லை.

நின்றபடி சிறுநீர் கழிக்க உதவும் புனல் கிடைக்கிறது. வீட்டுக் குளியலறையில், மலையில் போடப்போகும் அத்தனை கால்சட்டையும், கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸும் போட்டுக்கொண்டு, சிந்தாமல் வரும்வரை பழகுங்கள். முதல் முயற்சியைக் கூடாரத்துக்குள் தூங்கும் பையின் மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இரவுக்கு அகலமான வாயுள்ள ஒரு லிட்டர் பாட்டில் வேண்டும். இருட்டில் குடிநீர் பாட்டிலோடு குழம்பாமல் இருக்க, கையில் தட்டுப்படும்படி டேப் சுற்றி வையுங்கள். பின்புறத் தொடைப் பட்டைகளை மட்டும் கழற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஹார்னஸ் வாங்குங்கள். சரிவில் இடுப்புப் பட்டையை எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது.

பயணமும் குளிரும் உடல் உழைப்பும் சேர்ந்து மாதவிடாய் முன்னேயோ பின்னேயோ தள்ளிப்போகும். எனவே நாள் கணக்கை நம்பாமல் எப்போதும் பொருள்களோடு போங்கள். கப் என்றால் குப்பை சேராது, ஆனால் சுத்தமான கை வேண்டும், சானிடைசர் முழுக்கக் காய்ந்த பிறகே தொட வேண்டும். நாப்கின் என்றால் உள்ளே தெரியாத பைக்குள் ஜிப் பை போட்டு அடிவாரம் வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். பனியில் புதைத்தால் அது மக்காது. மாத்திரையால் தள்ளிப்போட நினைப்பவர்கள் மூன்று மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. உயரமும் நீர்ச்சத்துக் குறைவும் கூடாரத்தில் நாள்கணக்கில் முடங்குவதும் அதோடு சேரும். அதே சந்திப்பில், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். உயரத்தில் உடம்பு புதிய சிவப்பணுக்களை உருவாக்க இரும்புச்சத்து வேண்டும், குறைவு இருந்தால் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும்.

எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் யார்?

ஜப்பானின் ஜுன்கோ தபெய், 1975 மே 16. பதினோரு நாள் கழித்து மே 27 அன்று திபெத்தைச் சேர்ந்த பாந்தோக் என்பவர் வடக்குப் பக்கமாக ஏறினார். இந்தியப் பெண்களில் முதலாவது பச்சேந்திரி பால், 1984 மே 23.

குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற அம்மா பொறுப்பில்லாதவள் என்கிறார்கள். என்ன சொல்வது?

தபெய் ஏறியபோது அவருக்குச் சின்ன மகள் இருந்தாள். பயணத்துக்குப் பணம் கேட்டுப் போன இடங்களில், பெண்கள் குழந்தை வளர்க்க வேண்டியவர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உச்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு பனிச்சரிவு அவர் படுத்திருந்த கூடாரத்தைப் புதைத்தது, உடன் வந்த ஷெர்பா வழிகாட்டிகள் தோண்டி எடுத்தார்கள். 1995இல் பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ் கே2 மலையில் புயலில் சிக்கி இறந்தபோது, இரண்டு குழந்தைகளின் தாய் இப்படிச் செய்யலாமா என்று பத்திரிகைகள் எழுதின. அதே புயலில் இறந்த ஆண்களை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை.

அபாயம் உண்மையானது, அதை இல்லை என்று சொல்லாதீர்கள். ஆனால் அப்பாவிடமும் கேட்கிற கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்: காப்பீடு மீட்புச் செலவை ஏற்குமா, எந்த உயரம் வரை ஏற்கும், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், எந்த நிலையில் திரும்புவீர்கள். நான்கையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அணியாகச் சேர்ந்து கட்டிக்கொள்ளும் கயிற்றில் எப்போதும் என்னை நடுவில்தான் கட்டுகிறார்கள். முன்னால் போக என்ன செய்ய வேண்டும்?

இந்தக் குறை பழையது. அமெரிக்காவின் மிரியம் ஓ’பிரையன், கயிற்றில் ஓர் ஆண் இருக்கும்வரை தலைமைப் பொறுப்பு முழுதாகத் தன்னிடம் வராது என்று கண்டு, பெண்கள் மட்டுமே கட்டிய கயிற்றில் ஏறத் தொடங்கினார். 1929இல் அலிஸ் தமெஸ்முடன் பிரான்சின் ஷாமொனி ஊருக்கு மேலுள்ள கிரெபோன் சிகரத்தையும், 1932இல் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தையும் அப்படித்தான் ஏறினார்.

உங்கள் பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. பனியாற்றில் எடை குறைந்தவர் முன்னால் போவதே அணிக்கு நல்லது. பிளவை மூடியிருக்கும் பனிப்பாலம் உடையும் வாய்ப்பு குறைவு, உடைந்து விழுந்தாலும் பின்னால் இருக்கும் கனமானவர் எளிதில் தாங்கிவிடுவார். ஆனால் வாதம் மட்டும் போதாது, வழி பார்க்கவும் மீட்கவும் தெரிந்திருக்க வேண்டும். பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சைக் கையுறை போட்ட கையால் போடுவது, அதைப் பிடித்துக் கயிற்றில் ஏறுவது, மூன்றில் ஒரு பங்கு விசையில் இழுக்க உதவும் மூன்றுக்கு ஒன்று இழுவை அமைப்பது ஆகியவற்றை யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடரியை) புதைத்து நங்கூரம் செய்யும்போது, இழுவிசைக்குக் குறுக்காகப் பள்ளம் வெட்டுங்கள். அதிலிருந்து ஸ்லிங் என்னும் வளையப் பட்டை வெளிவரும் சிறு வாய்க்காலைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை வெட்ட வேண்டும். பலரும் இதை அரைகுறையாக விடுவார்கள், பாரம் விழுந்ததும் ஸ்லிங் ஆக்ஸை மேலே தூக்கிப் பிடுங்கிவிடும்.

பாறையில் நிலைமை வேறு. ஏறுபவர் உங்களைவிட மிகவும் கனமானவராக இருந்தால், அவர் விழும்போது கீழே கயிற்றைப் பிடித்துக் காக்கும் (பிலே) நீங்கள் மேலே தூக்கியடிக்கப்படுவீர்கள். தரையில் நங்கூரமிட்டுக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றில் உராய்வு கூட்டும் கருவியைப் பாறையில் அடித்திருக்கும் முதல் போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

பாதியில் திரும்பினால் “பெண்தானே” என்பார்களே என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் ஆபத்தானது. திரும்ப வேண்டிய நேரத்தை முந்தின இரவே முடிவு செய்து, அணியில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் அந்த நேரம் மாறாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். தலைவலியோடு குமட்டல் இருந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். குதிகாலை விரல் நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை என்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் துணையோடு உடனே இறங்குங்கள். சுமையை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.