ராயபுரமா, இராயபுரமா? புள்ளியியல் மென்பொருள் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வு மாணவர்களுக்குக் கணக்கு உதைத்தால் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

அக்கா, ஆய்வுக் கணக்கை எஸ்பிஎஸ்எஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளில்தான் செய்ய வேண்டும் என்கிறார் கைடு. லைசென்ஸ் வாங்கக் காசில்லை. தெரிந்த கடையில் கிராக் காப்பி போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளட்டுமா? (பிஎச்.டி. மாணவர், வியாசர்பாடி)

வேண்டாம் தம்பி. வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாராவது லைசென்ஸ் யார் பெயரில் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? குனு என்ற இலவச மென்பொருள் திட்டத்தில் வந்த பிஎஸ்பிபி இருக்கிறது, எஸ்பிஎஸ்எஸ்ஸின் எஸ்ஏவி டேட்டாக் கோப்பை அப்படியே திறக்கும், மெனுவும் பழகினதுபோலவே இருக்கும். எனக்குப் பிடித்தது ஜமோவி என்ற இலவச மென்பொருள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் கணினிமொழி. கைடிடம் வாதம் பண்ணாதீர்கள். ஒரே டேட்டாவை அவர் கணினியில் எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் உங்கள் லேப்டாப்பில் ஜமோவியிலும் ஓட்டி, இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அவரே சரி என்பார்.

எங்கள் நூலகத்துக்கு நாலு பகுதியிலிருந்துதான் வாசகர்கள் வருகிறார்கள். எக்ஸெல்லில் ஏற்றி ஆரில் எண்ணினால் பதினொரு பகுதி காட்டுகிறது. ஆரில் கோளாறா? (நூலகப் பணியாளர், ராயபுரம்)

ஆர்மேல் பழி போடாதீர்கள். அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியில் "ராயபுரம்", அடுத்ததில் "இராயபுரம்", மூன்றாவதில் "ராயபுரம்" என்று எழுதிப் பின்னால் ஒரு வெற்றிடம், நாலாவது ஆங்கிலத்தில். நமக்கு ஒரே ஊர், கணினிக்கு நாலு ஊர். வண்ணாரப்பேட்டைக்கும் இதே கதி, அதில் ஒருவர் "வண்ணை" என்று செல்லமாக வேறு எழுதியிருக்கிறார்!

டேட்டாவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். பகுதிப் பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் ஃபேசட் என்ற வசதியைப் போட்டால் எத்தனை விதமாக எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று இடது பக்கம் வரிசையாக வந்துவிடும். ஒரு இடத்தில் திருத்தினால் அத்தனை வரியும் மாறும். அப்புறம் அடுத்த மாதத்திலிருந்து தட்டச்சு செய்யவே விடாதீர்கள், நாலு பெயரையும் பட்டியலாகக் கொடுத்துத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். எந்த மென்பொருள் என்று ஒரு வாரம் அலைகிறவர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை, எனக்கு அதுதான் எரிச்சல்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்ஸெல்லில் திறந்தால் தமிழ்த் தலைப்பெல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது. (கொளத்தூர்)

டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீர்கள். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தால் எழுத்துக்குறியீடு எது என்று அதுவே கேட்கும், யூடிஎஃப்-8 கொடுங்கள். அப்படியும் கிறுக்கலாக இருந்தால் யாரோ பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மேடம், வாசகர் திருப்தி பற்றி 12 கேள்வி, 5 புள்ளி அளவுகோல். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.31தான் வருகிறது. ஆய்வே போச்சா? (திருவொற்றியூர்)

போகவில்லை. உங்கள் 7-ஆம் கேள்வியைப் படியுங்கள்: "நூலகம் திறந்திருக்கும் நேரம் எனக்குப் போதவில்லை." மற்ற பத்திலும் 5 என்றால் திருப்தி, இதில் 5 என்றால் குறை. 10-ஆம் கேள்வியும் அதே ரகம். திருப்பிப்போடாமல் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஆல்ஃபா விழத்தான் செய்யும். 6-லிருந்து இந்த இரண்டு கேள்வியின் மதிப்பெண்ணைக் கழியுங்கள், 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். ஜமோவியின் ரிலையபிலிட்டி பகுதியில் திருப்ப வேண்டிய கேள்விகளைப் போட தனிப் பெட்டியே உண்டு. அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் கேள்விகளில்தான் பிரச்சினை, அப்போது பேசுவோம்.

நூலக மென்பொருளான கோஹாவிலிருந்து புத்தகம் எடுத்த விவரத்தை ஆருக்குக் கொண்டுபோக முடியுமா? (பெரம்பூர்)

முடியும். ரிப்போர்ட்ஸ் பகுதியில் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் எழுதி, சிஎஸ்வியாக இறக்கி, ஆரில் படிக்கலாம். வாசகர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள், யார் என்ன படிக்கிறார் என்பது ஆய்வுக்குத் தேவையில்லை. ஒரு வேடிக்கை, இரண்டுமே நியூசிலாந்துச் சரக்கு. ஆர், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது. கோஹா அங்கே ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓட ஆரம்பித்தது, மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள்.

எனக்கு 54 வயது. கணினிக் கோடு எழுத வருமா? (தொலைபேசியில் கேட்ட சார்)

எழுத வேண்டாம் சார், முதலில் பாருங்கள். ஜமோவியில் சின்டாக்ஸ் மோட் போட்டால் நீங்கள் மெனுவில் சொடுக்கியதற்கு ஆர் கோடு என்ன என்று மேலேயே காட்டும். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை 3 மணிக்கு மேல் எங்கள் நூலகத்தில் கூட்டம் இருக்காது, லேப்டாப்போடு வாருங்கள். முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், என் மேசைப் பக்கத்தில் ஒரு பிளக்பாயின்ட்தான் வேலை செய்கிறது, அதில் என் மின்விசிறி ஓடுகிறது.