கதவு திறந்திருக்கிறதா, திறந்திருக்கிறேனா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். கடை வாசல்களில் 'அபியெர்த்தோ', அதாவது திறந்திருக்கிறது என்று பலகை தொங்கும். கதவு பெண்பால், அதனால் 'அபியெர்த்தா' என்று மாற்ற வேண்டும் என்றார்கள். சரி என்று, 'கதவைத் திறந்திருக்கிறேன்' என்பதற்கு 'ஏ அபியெர்த்தா லா புவெர்த்தா' என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சொல் பெயரடையா, வினையா? அன்றிலிருந்து வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். கதவு பெண்பால் என்பது நினைவிருந்ததால்தான் அந்தத் தவறு வந்தது. பால் வேறுபாடு மனதில் பதிந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரடையா வினையா என்றால், இரண்டும்தான். 'அப்ரீர்' என்றால் திற. அதன் இறந்தகால எச்சம் 'அபியெர்த்தோ'. அதே சொல் பெயரடையாகவும் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள வெளியே போகவே வேண்டாம், நம் தமிழிலேயே வழி இருக்கிறது. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கதவு திறந்திருக்கிறது.
கதவைத் திறந்திருக்கிறேன்.
கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

முதலாவது கதவின் நிலை. ஸ்பானிஷில் 'லா புவெர்த்தா எஸ்தா அபியெர்த்தா'. இங்கே சொல் கதவோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் பெண்பால். ஜன்னல்கள் என்றால் 'அபியெர்த்தாஸ்'. இரண்டாவது நீங்கள் செய்த வேலை. 'ஏ அபியெர்த்தோ லா புவெர்த்தா'. அந்த 'ஏ', 'அபேர்' என்ற துணைவினையின் தன்மை வடிவம். அது வந்துவிட்டால் எச்சம் அசையாது. கதவோ ஜன்னல்களோ, ஆணோ பெண்ணோ, எப்போதும் 'அபியெர்த்தோ'தான். கடைப் பலகையில் இருப்பதும் அதே வடிவம்தான், ஆனால் காரணம் வேறு: எந்தப் பெயர்ச்சொல்லோடும் சேராமல் தனியாக நிற்கும்போது ஆண்பால் ஒருமையில் எழுதுவது வழக்கம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'தெங்கோ அபியெர்த்தா லா புவெர்த்தா'. 'தெனேர்' என்றால் வைத்திரு. திறந்த நிலையில் கதவை வைத்திருக்கிறேன் என்பதால் சொல் மறுபடியும் கதவோடு சேர்ந்து பெண்பாலாகிறது. பழைய காஸ்டிலியனில், அதாவது பழங்கால ஸ்பானிஷில், 'அபேர்' என்பதற்கும் 'உடைமையாகக் கொண்டிரு' என்றுதான் பொருள். அதனால் அந்தக் காலத்தில் அதோடு வரும் எச்சமும் செயப்படுபொருளுக்கேற்பப் பால் மாறியது. பிற்பாடு 'அபேர்' வெறும் துணைவினையாகத் தேய்ந்தது, எச்சமும் உறைந்துபோனது. உங்கள் வாக்கியத்தை அந்தக் காலத்துக்காரர் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

தமிழில் 'ஐ' உருபு வந்தால் 'அபேர்' என்று குறுக்குவழி போட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். 'திறந்து வைத்திருக்கிறேன்' என்பதிலும் 'ஐ' வருகிறது. செயப்படுபொருளே இல்லாத வினைகளும் உண்டு: அவள் இறந்துவிட்டாள் என்பதற்கு 'ஆ முவெர்த்தோ', இறந்த நிலையில் இருக்கிறாள் என்பதற்கு 'எஸ்தா முவெர்த்தா'. துணைவினை எது என்று பாருங்கள், அது போதும்.

அப்புறம், மனம் திறந்து பழகுகிறவரை 'உனா பெர்சோனா அபியெர்த்தா' என்பார்கள். அவர் ஆணாக இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் 'பெர்சோனா' என்ற சொல் பெண்பால்.

எல்லா வினையும் இப்படி ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் அனுப்பாது. நாளைக் காலை எழுந்ததும் சொல்லிப் பாருங்கள். விழித்துக்கொண்டேன் என்பதற்கு 'மே ஏ தெஸ்பெர்த்தாதோ'. விழித்திருக்கிறேன் என்பதற்கு 'எஸ்தோய் தெஸ்பியெர்த்தா'. அப்படியே ஜன்னலைத் திறந்து, மேலே சொன்ன மூன்று வாக்கியங்களையும் கதவுக்குப் பதில் ஜன்னலை வைத்துச் சொல்லுங்கள். 'லா பென்தானா'வும் பெண்பால்தான்.