ஏணி யாருடையது?

தம்பி, கோவையிலிருந்து வந்து இரண்டே வருஷத்தில் லண்டனில் ஹாரோ பக்கம் வீடு வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம். கூரை ஓடு மாற்ற வருகிறவர் ரொக்கமாகக் கொடுத்தால் விலையைக் குறைப்பதாகச் சொல்கிறார், அவருடைய ஆள் யாராவது மேலிருந்து விழுந்துவிட்டால் பொறுப்பு என் தலையில் விடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெறும் வாடிக்கையாளராக இருக்கும்வரை பெரும்பாலும் விடியாது. மேஸ்திரி ஆகிவிட்டால் விடியலாம்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி பேசுவோம், சிமெண்டை நாமே வாங்கிப் போடுவோம், பக்கத்தில் நின்று "அப்படி வேண்டாம், இப்படிப் பண்ணு" என்போம். அங்கே அதற்குப் பெயர் அக்கறை. இங்கே அதையே செய்தால், வேலையை நடத்தியவர் நீங்கள்தான், அதாவது முதலாளி நீங்கள்தான் என்று வாதாட ஒரு வக்கீலுக்கு இடம் கிடைத்துவிடும்.

பிரிட்டனில் 2015-இல் வந்த கட்டுமானப் பாதுகாப்பு விதிகளின்படி, சொந்தக் குடியிருப்பில் வேலை வைக்கிற சாதாரண வீட்டுக்காரருடைய கடமைகள் தானாகவே ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். பல பேர் வேலை செய்தால், அவர்களில் தலைமை ஒப்பந்தக்காரருக்குப் போகும். ஒன்று கவனியுங்கள்: நாளைக்கு இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடம் போனால் அது தொழில் கணக்கில் வரும். அப்போது இந்தச் சலுகை இல்லை.

இதுபோக 1957-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் வருகிறவர்களின் பாதுகாப்புக்கு நியாயமான அளவு கவனம் எடுக்க வேண்டும் என்பது அது. ஆனால் தொழில் தெரிந்தவர் தன் தொழிலுக்கே உரிய ஆபத்தைத் தானே பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1963-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், புகைபோக்கி சுத்தம் செய்கிற இரண்டு சகோதரர்கள் எச்சரித்தும் கேட்காமல் திரும்பிப் போய், கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்துபோனார்கள். கட்டடத்தை வைத்திருந்தவர் பொறுப்பில்லை என்றது அப்பீல் கோர்ட். கூரைக்காரருக்குக் கூரை வழுக்கும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாடியில் ஒரு பலகை இற்றுப்போயிருப்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இங்கே அதற்கு முழுத் தடை வந்தது 1999-இல்தான். வீடு வாங்கும்போது எடுத்த சர்வே அறிக்கையில் அதைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் வேலைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2011-இல் அப்பீல் கோர்ட்டுக்கு வந்த வழக்கு. கூரை வேலைக்கு வந்த போலந்துக்காரர் ஒருவர். கராஜ் கூரைக்குப் போகப் படுக்கையறை ஜன்னல் வழியாக இறங்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். அந்தப் போலந்துக்காரர் ஏணி வைத்து ஏறி, விழுந்து பலத்த அடி. அவரை வேலைக்கு வைத்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லை. அதனால் வழக்கு வீட்டுக்கார அம்மா மேல் வந்தது. ஜன்னலை மறுத்தது மட்டுமே வேலை முறையைக் கட்டுப்படுத்தியது ஆகாது என்று சொல்லி கோர்ட் அவரை விடுவித்தது. ஜெயித்தார், சரி. ஆனால் அதற்காக இரண்டு கோர்ட் ஏற வேண்டியிருந்தது. நான் பயப்படுவது அந்த அலைச்சலுக்குத்தான்.

என் கதையும் உண்டு. பல வருஷம் முன்னால் மழைநீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர், தன் ஏணியை வேனில் ஏற்ற மறந்துவிட்டார். தோட்டத்துக் கொட்டகையில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன அலுமினிய ஏணியை நானே எடுத்துக் கொடுத்தேன். உபகாரம்தான்! அடியில் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. நாலாவது படியில் சறுக்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். நல்ல மனுஷன், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "ஏணி யாருடையது?" அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ரொக்கம் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் ரசீதும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாவிட்டால், அவர் தனி ஒப்பந்தக்காரரா நீங்கள் வைத்த கூலியாளா என்பதைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஆட்களை வைத்து வேலை செய்கிறவர் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குத் தொழிலாளர் விபத்துக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் விழும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். தேதியைப் பாருங்கள், முடிந்தால் கம்பெனிக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். "நான் தனி ஆள், எனக்கு அது தேவையில்லை" என்று சொன்னால், கூட வருகிற இரண்டு பையன்கள் யார் என்று கேளுங்கள். வேலையால் பிறருக்கோ உங்கள் வீட்டுக்கோ சேதம் வந்தால் ஈடுகட்டுகிற மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் அது இல்லாதவரை நான் கூரையில் ஏறவிட மாட்டேன். உங்கள் சொந்த வீட்டு இன்சூரன்ஸுக்கும் வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். பெரிய வேலையைச் சொல்லாமல் செய்தால் கைவிரிக்கிற பாலிசிகள் உண்டு.

சாரம் கட்டத் தனியாகப் பணம் கேட்பார், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அப்புறம், உங்கள் கொட்டகையிலும் பழைய ஏணி ஏதாவது கிடந்தால் முதல் நாளே பூட்டிவிடுங்கள்.