பிரெஞ்சு தெரியாதவர்களும் பியாஃப் நாடகம் பார்த்து அழுவது ஏன்?

பாட்டு புரிவதற்கு முன்பே அந்தப் பெண் புரிந்துவிடுகிறாள், அதுதான் காரணம். 1978-இல் மேடையேறிய பாம் ஜெம்ஸின் ‘பியாஃப்’ நாடகத்தில் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான். சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது, தெருவில் பாடி வளர்ந்தவர் அல்லவா?

அப்புறம் 1949 விமான விபத்தில் காதலர், குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் இறந்துபோகிறார். அதிலிருந்து கூட்டம் பியாஃப் பக்கம்தான்.

2008-இல் லண்டனில் எலெனா ரோஜர் பியாஃபாக நடித்த டான்மர் அரங்கில் சுமார் 250 இருக்கைகளே. சின்ன உருவம், கறுப்பு உடை, மூட்டுவலியில் சுருங்கிய உடம்பு. அந்த உடம்பிலிருந்து “எதற்கும் வருந்தவில்லை” என்ற பியாஃபின் பாட்டு எழும்போது மொழி எதற்கு? அந்த நடிப்புக்கு ஒலிவியர் விருதும் கிடைத்தது.