போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனின் நடுவிலுள்ள பைஷா பகுதி மட்டும் ஏன் கோடு போட்டது போல நேர்த்தெருக்களாக இருக்கிறது?

காரணம் 1755 நவம்பர் 1. புனிதர் அனைவர் திருநாள் அன்று காலை, தேவாலயங்களில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தபோது நிலம் நடுங்கியது, அப்புறம் கடல் ஏறி வந்தது, தீயோ நாள்கணக்கில் எரிந்து, நிலநடுக்கத்துக்குத் தப்பியதையும் தின்றுவிட்டது. அமைச்சர் பொம்பால் பழைய சந்துகளை அப்படியே திரும்பக் கட்ட விடவில்லை, அகலமான நேர்த்தெருக்கள்தான்.

எனக்குப் பெரிய வியப்பு அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளின் சுவர்தான்: உள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல் பூட்டி, இடையில் கல்லும் காரையும் நிரப்பினார்கள், குலுங்கினால் மரம் வளைந்து கொடுக்கும். மாதிரிச் சட்டம் ஒன்றைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதிரவைத்துச் சோதித்தார்கள் என்றும் சொல்வார்கள். தீ தாவாமலிருக்க, வீடுகளுக்கு நடுவே கூரைக்கு மேலும் நீளும் சுவர்.

அந்த நிலநடுக்கத்தில் இடிந்த கார்மோ மடாலயத் தேவாலயத்தின் நடுக்கூடத்துக்கு மட்டும் இன்றும் கூரை கிடையாது. தயவுசெய்து அதை யாரும் மூடிவிடக் கூடாது.