பழைய தழும்பும் உச்சி வெயிலும்: தோல் கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முகம் கறுப்பதைப் பற்றியவை. பழைய காயத்தைப் பற்றி ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவருக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்கிறார்களே, உண்மையா? நாள் முழுக்க வயலில் நிற்பவன் நான்.
— விவசாயி, ஒட்டுசுட்டான்

குறைவாக வரும், அவ்வளவுதான். தோலுக்குக் கருமை தரும் மெலனின் புறஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் நம்மவர்களுக்கு வரும் தோல் புற்றுநோய் பலவேளைகளில் வெயில் அதிகம் படாத இடங்களில்தான் தலைகாட்டும்: உள்ளங்கால், நகத்தின் அடி, பழைய தழும்பு.

அதற்காக வெயிலை அலட்சியம் செய்யவும் முடியாது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வயலில் வியர்த்து வழிபவருக்குக் கிரீமை நான் முதலில் சொல்வதில்லை. நெருக்கமாக நெய்த நீளக் கைச் சட்டையும் காது, பிடரி மறையும் அகலமான ஓலைத் தொப்பியும் போதும். மெல்லிய வெள்ளைப் பெனியன் நனைந்துவிட்டால் பாதி வெறும் மேல்தான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் மர நிழலுக்குப் போய்விடுங்கள். விடியலில் இறங்கி மத்தியானம் கரையேறிய நம் அப்புமார் இதை யாரும் சொல்லாமலே செய்தார்கள்.

1996இல் செல் விழுந்து கொட்டில் எரிந்தபோது முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. தழும்பு அவ்வப்போது வெடிக்கும், ஆறும். இந்தமுறை நான்கு மாதமாகியும் ஆறவில்லை. பெரிய வலி இல்லை. வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டுமா?
— தர்மபுரம்

இந்த வாரமே காட்டுங்கள்.

தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் ஒருவகைப் புற்றுநோய் வரலாம். மார்ஜோலின் புண் என்பது அதன் பெயர். 1828இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு அறுவை வைத்தியரின் பெயர் அது. தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு. அது வெடிப்பதும் மூடுவதுமாக இருக்க, இருக்க, புதிதாகப் பெருகும் கலங்களில் ஏதோ ஒன்று தடம் மாறுகிறது. காயத்துக்கும் புற்றுக்கும் இடையே சராசரியாக 30 ஆண்டுகள் ஓடிவிடும். தொண்ணூறுகளில் காயப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கு இப்போது வந்து நிற்கிறது. நான் வெயிலைவிட இதற்கே அதிகம் பயப்படுகிறேன்.

இப்படி வருபவர்களின் காலில் பெரும்பாலும் கிழிந்த சாரத் துண்டுதான் கட்டாக இருக்கும். அதை அவிழ்க்கும்போதே வாடை வரும். சாதாரணப் புண்ணின் ஓரம் ஆறும்போது தட்டையாக உள்நோக்கி நகரும். இதில் ஓரம் சட்டி விளிம்புபோல் தடித்து வெளியே புரளும். நடுவில் பூக்கோவாபோல் சதை முளைக்கும். துணி பட்டாலே இரத்தம் கசியும். வலி இல்லாததை நம்பியிருக்க வேண்டாம். செயற்கைக்கால் உரசும் இடத்தில் ஆறாத புண் உள்ளவர்களும் இதையே கவனிக்க வேண்டும்.

புண்ணின் ஓரத்தில் சிறு துண்டுகள் எடுத்துச் சோதிப்பார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று அயலில் சொல்வார்கள், அது பிழை. காலம் தாழ்த்தினால்தான் அது அரையில் உள்ள நெறிக்கட்டிக்குப் போகும். தொடக்கத்தில் வந்தவருக்குப் புண்ணை அகலமாக வெட்டித் தோல் ஒட்டுவதோடு முடிந்துவிடலாம். பிந்தி வந்தவருக்குக் காலையே எடுக்க நேரலாம். மாவட்ட வைத்தியசாலையில் தொடங்குங்கள். தேவையென்றால் தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

அம்மாவின் உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். முன்பு இருந்ததாக நினைவில்லை.
— மாங்குளம்

முள் குத்திய இடத்தில் இரத்தம் கட்டியிருந்தால் சில வாரங்களில் மறையும். மறையாமல் ஓரம் கோணலாகப் பரவினாலோ, நிறம் திட்டுத்திட்டாக இருந்தாலோ, 6 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே நகத்தில் கறுப்புக் கோடு புதிதாக விழுந்து அகன்றாலும் அப்படித்தான். பாடகர் பொப் மார்லியின் உயிரை 1981இல் பறித்த புற்றுநோய் கால்விரல் நகத்தடியில் தொடங்கியது.

கன்னத்தில் மங்கு. கடையில் வாங்கிய வெள்ளைக் கிரீமுக்கு முதலில் குறைந்தது, இப்போது முன்பைவிட மோசம்.
— வவுனியா

எதிர்பார்த்ததுதான். இத்தகைய கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிலவற்றில் பாதரசமும் உண்டு. பெட்டியோடு கிளினிக்குக்கு வாருங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். மங்குக்கு வெயில் கிரீம் அவசியம். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎப் எண் 30 அல்லது அதற்கு மேல், தோல் நிறம் கலந்ததாகப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும்; கடலை அளவு தடவிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொல்லக் கூடாது.

கடலுக்குப் போகும் எனக்குக் கண்ணின் மூக்குப் பக்கத்தில் சதை வளர்கிறது.
— முல்லைத்தீவு

வெயிலும் உப்புக் காற்றும் கொடுத்த பரிசு. பொதுவாகப் புற்று அல்ல. கருவிழிக்குள் ஏறுகிறதா என்று கண் வைத்தியர் பார்க்கட்டும். கடல் நுரையும் மணலும் வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிப்பதால் தொப்பி மட்டும் காணாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். வெற்றிலை போடுபவர் என்றால், போகிற போக்கில் கீழ் உதட்டில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்றும் கண்ணாடியில் பார்த்து எழுதுங்கள்.