எந்த நம்பரிலிருந்து?

வணக்கம் சார்,

நான் தண்டையார்பேட்டை. துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கணக்கு பார்க்கும் வேலை. மார்வெல் படங்கள் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன், காமிக்ஸ் ஒன்றுகூடப் படித்ததில்லை. 2026 டிசம்பரில் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ வருவதற்குள் அதன் வில்லன் டாக்டர் டூம் யார் என்று முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசை. நண்பன் ஒருவன் வரிசைப் பட்டியல் அனுப்பினான். 1961-ல் ஆரம்பித்து 214 வரி ஓடுகிறது. மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நிறுத்திவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது சார்? என் இங்கிலீஷ் சுமார்தான், போதுமா? படத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் படிப்பது தப்பா? ஏழாவது படிக்கும் தங்கையும் கூடப் படிக்கிறேன் என்கிறாள். கொடுக்கலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் பதில், பிறகு திட்டு.

‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் டாக்டர் டூம்: ட்ரையம்ஃப் அண்ட் டார்மென்ட்’. 1989-ல் வந்த தனிப் புத்தகம். எழுதியவர் ரோஜர் ஸ்டெர்ன், வரைந்தவர் மைக் மிக்னோலா. டூமின் தாயுடைய ஆன்மா நரகத்தில் மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் சிக்கியிருக்கிறது. அதை மீட்க டூம் மந்திரவாதி ஸ்ட்ரேஞ்சைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறான். இதற்கு முன்னால் எதையும் படித்திருக்க வேண்டியதில்லை, முன்கதையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். படித்து முடித்ததும் டூமை உங்களுக்குப் பிடித்தால் மேலே போகலாம். பிடிக்காவிட்டால் அந்த 214 வரியும் உங்களுக்கு எதற்கு?

இப்போது அந்தப் பட்டியல். மூன்று முறை நிறுத்தினேன் என்று குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியதில் தப்பே இல்லை, அதைக் கையில் வாங்கியதுதான் தப்பு. சமீபமாக யாரைப் பார்த்தாலும் இந்த வியாதி. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்றதும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி முதல் பாடத்திலிருந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கன்டெய்னர் கணக்குதான் வரிசை மாறினால் கெட்டுப்போகும். இது அந்தக் கணக்கு இல்லை.

பட்டியல்படி போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். நாலு பேர் கொண்ட நாயகர் குழுவின் கதையான ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 1961-ல் தொடங்குகிறது. டூம் வருவது 1962-ல், ஐந்தாவது இதழில். அதில் அவன் குழுவிலிருக்கும் பெண்ணான சூவைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் கால இயந்திரத்தில் ஏற்றி, கடற்கொள்ளைக்காரன் பிளாக்பியர்டின் புதையலை எடுத்துவரச் சொல்கிறான். அந்த மூவரில் ஒருவனான பென் கிரிம் ஒட்டுத்தாடியும் வேஷமுமாகப் போய், கடைசியில் அவனே பிளாக்பியர்ட் ஆகிவிடுகிறான். அருமையான கோமாளித்தனம். ஆனால் படத்தில் டூமாக நடிக்கும் ராபர்ட் டௌனி ஜூனியரின் முகமூடியை மனதில் வைத்துக்கொண்டு திறப்பவனுக்கு இது ஏமாற்றம். ‘இதுக்கா இவ்வளவு பில்டப்பு’ என்று மூடிவிடுவான். நீங்களும் அங்கேதான் மூடியிருப்பீர்கள்.

பழைய டூமில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் 1964-ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ஆண்டு மலர் 2. லாட்வீரியா என்ற கற்பனை நாட்டின் ஜிப்சிக் கூட்டத்துப் பையன், வைத்தியரான அப்பா பனியில் சாவது, கல்லூரியில் இயந்திரம் வெடித்து முகத்தில் காயம், திபெத்துத் துறவிகள் வார்த்துக் கொடுக்கும் முகமூடி ஆறுவதற்குள் எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வது, எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வெடிப்பில் டூமுக்கு விழுந்தது சின்ன வடு மட்டும்தான் என்பது அவனை வரைந்த ஜாக் கிர்பியின் எண்ணம். தன் முகத்தில் ஒரு கீறலைக்கூடப் பொறுக்காத ஒருவன் அதை மறைக்க இரும்பு மாட்டிக்கொண்டு ஒரு நாட்டையே ஆள்கிறான். டூமை மற்ற வில்லன்களிடமிருந்து பிரிப்பது இந்தக் கர்வம். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வருடத்து இதழிலும் அவனை அடையாளம் கண்டுவிடலாம்.

உங்கள் ஏரியாவிலேயே சாயங்காலம் ஏதாவது ஒரு கேரம் கிளப்பில் போய் நில்லுங்கள். எட்டு போர்டு ஆட்டத்தில் ஐந்தாவது போர்டு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வருகிறவர் எவரும் ‘முதல் போர்டிலிருந்து ஆடிக் காட்டுங்க’ என்று கேட்பதில்லை. ரெட் விழுந்துவிட்டதா, ஃபாலோ ஆயிற்றா, யார் எத்தனை பாயின்ட்டில் நிற்கிறார், அவ்வளவுதான் விசாரிப்பார். ரெண்டு ஸ்ட்ரோக்கில் ஆட்டம் பிடிபட்டுவிடும். காமிக்ஸ் இதழைக் கட்டியிருப்பதும் அப்படித்தான். கடையில் சுழலும் ஸ்டாண்டிலிருந்து ஒரு பையன் எதை உருவுவான் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்து இதழ்களில் ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அடித்துக்கொள்வார்கள், தன் சக்தி என்ன என்று தானே அறிவிப்பார்கள். பெரியவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். நடுவில் வந்தவனுக்குப் போட்ட நாற்காலி அது. 2000-க்குப் பிறகு மார்வெல் அந்த வேலையை முதல் பக்கத்தில் ஒரு முன்கதைச் சுருக்கமாக மாற்றிக்கொண்டது. கட்டத்தின் மூலையில் நட்சத்திரக் குறி போட்டு ‘இது இத்தனாவது இதழில் நடந்தது’ என்று ஒரு குறிப்பு வருமே, அதைப் பார்த்துத்தான் பலரும் பயந்து பின்னால் ஓடுகிறார்கள். அந்த இதழும் விற்கட்டும் என்று போட்டது அது, விளம்பரம். நீங்கள் அதை உத்தரவு என்று நினைத்துக்கொண்டீர்கள்.

தமிழ் வாசகனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல். 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது மூலத்தில் அது பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றின் தொடர்கதை என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்த புத்தகத்திலிருந்து ஒரு தலைமுறை படித்தது. அட்டை போன புத்தகம், கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம் எல்லாம் கைமாறிக்கொண்டே இருந்தது. லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அமெரிக்க சூப்பர்ஹீரோவின் மூலவரே லயன் வழியாகச் சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டார், யாரும் வரிசைப் பட்டியல் கேட்கவில்லை. நம்மிடம் இருந்த அந்தத் தைரியம் எங்கே போயிற்று?

உங்கள் ஊரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தம். இறங்கி அல்லிக்குளம் வளாகத்தில், மூர் மார்க்கெட்டிலிருந்து வந்த பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். டூம் இருக்கும் ஏதாவது ஒற்றை இதழ் சிக்கினால் நம்பர் பார்க்காமல் வாங்குங்கள். நடு ஸ்டேபிள் இருக்கிறதா, உள்தாள் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது விழுந்திருந்தால் நாலு பக்கம் போச்சு.

சரி, மேலே போக ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. இங்கே மட்டும் வரிசை முக்கியம், ஏனென்றால் இங்கே ஒரே ஆள் ஒரே கதையை இரண்டு தொடராகப் பிரித்து எழுதினார். ஜோனதன் ஹிக்மேன் 2012 கடைசியிலிருந்து 2015 வரை ‘அவெஞ்சர்ஸ்’ 44 இதழும் ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 33 இதழும் எழுதினார். எல்லோரும் செய்யும் தப்பு, முதல் தொடரை முடித்துவிட்டு இரண்டாவதை எடுப்பது. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகிறவை. ஒன்றை முழுசாகப் படித்ததும் மற்றது பாழ். நீங்கள் ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 1 முதல் 6 வரை எடுங்கள். இரண்டு பூமிகள் மோதப் போகின்றன, எட்டு மணி நேரத்துக்குள் ஒன்று அழிந்தால்தான் மற்றது தப்பும் என்ற சிக்கல் அதில்தான் வருகிறது. மூன்றாவது இதழில் கேப்டன் அமெரிக்காவின் நினைவை நண்பர்களே அழிக்கிறார்கள். அது அவனுக்குத் திரும்புவது ‘அவெஞ்சர்ஸ்’ 29-ல். மூன்றாவதைப் படிக்காமல் 29-ஐத் திறந்தால் ஒரு மனிதன் எதற்கு இப்படிக் கத்துகிறான் என்றே புரியாது. அங்கிருந்து ‘டைம் ரன்ஸ் அவுட்’ பகுதி. ‘அவெஞ்சர்ஸ்’ 35 முதல், ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 24 முதல், இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். நான்கு தொகுதிகளாகவும் கிடைக்கிறது, கோக்கும் வேலை மிச்சம். ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 33 டூமின் இதழ். அதைத் தவறவிட்டால் அடுத்து வருவது பாதிதான் விளங்கும். அடுத்து வருவது 2015-ன் ‘சீக்ரெட் வார்ஸ்’, ஹிக்மேனும் எசாட் ரிபிச்சும் செய்த ஒன்பது இதழ். டூம் கடவுளாக உட்கார்ந்திருக்கும் உலகம். கூடவே வந்த டஜன்கணக்கான கிளைக் கதைகளில் ஒன்றையும் தொடாதீர்கள். மொத்தம் 36 இதழ். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஐந்து வாரம்.

போனில் படிப்பதானால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ரிபிச் இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரே படமாக வரைகிறவர். அந்த வசதி அதைத் துண்டு துண்டாக வெட்டி மீன் மாதிரிப் பரிமாறும். போனைப் படுக்கப் போட்டுப் பாருங்கள்.

படம் இதைத்தான் எடுக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 1991-ன் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ ஆறு இதழைப் படித்துவிட்டு 2018-ல் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ பார்க்கத் தியேட்டருக்குப் போனவர்கள் ஆடம் வார்லாக் என்ற நாயகனைத் தேடிக் களைத்தார்கள். கதையை நடத்துவதே அவர்தான், படத்தில் ஆளையே காணோம். அவர் திரைக்கு வந்தது 2023-ல், அதுவும் வேறு படத்தில். வில்லன் தானோஸ் பாதி உயிர்களை அழிக்க விரல் சொடுக்குவதுகூடக் காமிக்ஸில் மரண தேவதையின் மனதைக் கவர. முதல் இதழிலேயே சொடுக்கிவிடுகிறான். எனவே படத்துக்குத் தயாராகப் படிக்காதீர்கள். முன்னே பார்ப்பதா பின்னே பார்ப்பதா என்ற கேள்வியும் இதோடு போயிற்று.

இங்கிலீஷ் பற்றிக் கவலை வேண்டாம். அறுபதுகளின் இதழ்களில் எழுத்தாளர் ஸ்டான் லீ கதைச் சுருக்கம் மட்டும் கொடுப்பார், கிர்பி வரைந்த பிறகுதான் வசனம் ஏறும். அதனால் பாதி வசனம் படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்லும். பக்கத்தை ஒரு தடவை வசனம் இல்லாமல் பாருங்கள், பிறகு பலூன்களுக்கு வாருங்கள். ஹிக்மேனிடம் இது செல்லாது. அவர் வெள்ளைப் பக்கத்தில் நாலு வார்த்தை போட்டு அதிலேயே முக்கியமானதை வைப்பார், அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

தங்கைக்கு ஹிக்மேன் வேண்டாம், இருட்டு அதிகம். ‘சீக்ரெட் வார்ஸ்’ என்று தேடினால் 1984-ல் ஜிம் ஷூட்டர் எழுதிய 12 இதழ் தொடர் ஒன்றும் வரும். பலர் அதைத் தவறிப்போய் வாங்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. மேட்டல் கம்பெனியின் பொம்மைகளோடு சேர்த்து விற்க எழுதியது. நாயகர்களும் வில்லன்களும் ஒரே கிரகத்தில் அடித்துக்கொள்வார்கள், ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கிடைப்பது அதில்தான், அதிலும் கடைசியில் டூம் எல்லோரையும் மீறிய சக்தியைத் திருடப் போகிறான். அவளுக்கு அதைக் கொடுங்கள். பத்தாவது இதழைக் கொடுங்கள். ஒன்றாவது எங்கே என்று அவளாகக் கேட்டால் மட்டும் மற்றதை எடுத்துக் கொடுக்கலாம்.